விலை எழுதினியா?

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மும்பையின் வடக்குப் புறநகரில், கோளி என்ற மீனவச் சமூகத்தார் வாழும் ஒரு கோளிவாடாவில் நடந்த மீன் உணவுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். வந்த கையோடு நீளமாக ஒரு பதிவு எழுதி, பன்னிரண்டு படங்களையும் சேர்த்துப் போட்டேன். ‘மும்பையின் ஆதிக்குடிகள்’, ‘கடலன்னையின் பிள்ளைகள்’, ‘உப்புக்காற்றில் ஊறிய பண்பாடு’ என்றெல்லாம் சரளமாக வந்து விழுந்தது. நல்ல வரவேற்பு. துபாயிலிருந்து பள்ளித் தோழன் ஒருத்தன் கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தான். அவனுக்குக் கண் கலங்குவது சுலபம், அதை விடுங்கள். இரண்டு நாள் கழித்து, அந்தப் பெருமையோடு, வழக்கமாக மீன் வாங்கும் மௌஷியிடம் (மராத்தியில் சித்தி) போனைக் காட்டினேன். குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் உட்காருகிற கோளிப் பெண்மணி. எனக்குத் தெரிந்தே பதினைந்து வருடமாக அதே இடம், அதே மரப்பலகை, காலடியில் மீன் அரியும் அதே கொய்தா. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மேடையில் ஆடிய பெண்களைப் பார்த்து, “இந்தக் கட்டு எங்க பக்கத்துக் கட்டு இல்ல, நகையும் பித்தளை” என்றார். கீழே இத்தனை எழுத்து இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஒரு சுறாக்குட்டியைத் தோலுரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் நிமிர்ந்து, “பாவ் லிஹிலாஸ் கா?” என்றார். விலை எழுதினியா?

எந்த விலை என்று கேட்டேன். “ஐஸ் விலை, டீசல் விலை. தக்காவுல, மீன் எறங்குற துறையில, கூடை எவ்வளவுக்கு ஏலம் போச்சு, நான் எவ்வளவுக்கு வித்தேன், மிச்சம் என்ன.” அதற்குள் இன்னொரு ஆள் வந்து பொம்பில், அதாவது பாம்பே டக் மீன், எப்படி என்று கேட்க, மௌஷி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கோபமெல்லாம் இல்லை. மளிகை லிஸ்டில் உப்பு விட்டுப்போனதைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டாயிரம் வார்த்தை எழுதியவனுக்கு, அதில் ஒரு ரூபாய் கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் முகவரியைச் சொன்னால் இதிலிருக்கிற வேடிக்கை புரியும். நான் இருப்பது சயான் கோளிவாடா. பெயரே கோளிகளின் குடியிருப்பு என்றுதான். ஸ்டேஷனுக்கும் முன்பு கோளிவாடா என்றே பெயர், பிறகுதான் குரு தேக் பகதூர் நகர் ஆனது. பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்தவர்களை இங்கே பாரக்குகளில் குடிவைத்தார்கள். இந்தியாவெங்கும் மெனு அட்டைகளில் இருக்கும் ‘பிரான்ஸ் கோளிவாடா’ அவர்கள் கண்டுபிடிப்பு. கடலை மாவும் ஓமமும் போட்டுப் பொரிப்பது பஞ்சாபிக் கை. கோளி வீடுகளில் அப்படி இறால் பொரிக்கிற வழக்கமில்லை என்று மௌஷி சத்தியம் செய்வார். அவர்கள் பெயரில் பலகாரம் இருக்கிறது, ஏரியா இருக்கிறது, ஸ்டேஷன்கூட இருந்தது. மும்பை என்ற பெயரே அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியிடமிருந்து வந்ததுதான். மௌஷிக்கு இங்கே இருப்பது நாலடிக்கு இரண்டடிப் பலகை.

அவர் வாழ்க்கைப்பட்டது தாராவி கோளிவாடாவில். தாராவி என்றால் நம் ஆட்களுக்குத் திருநெல்வேலியும் தோல் கிடங்கும் தொண்ணூறடிச் சாலையும்தான் ஞாபகம் வரும். ஆனால் நாம் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவர்கள் கோளிகள். மாஹிம் கழிமுகத்தில் மீன் பிடித்தவர்கள். சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து நாமெல்லாம் குடிசை போட்டோம். மித்தி ஆறு சாக்கடையானது, மீன் போனது. மௌஷியின் மாமனார்தான் அந்த வீட்டில் கடைசியாக வலை எடுத்தவராம். அதனால்தான் கோளிப் பெண்ணாக இருந்தும் மௌஷி மீனை ஏலத்தில் வாங்கித்தான் விற்கிறார். விடிவதற்கு முன்பே நாலு பெண்களாகச் சேர்ந்து டாக்ஸி பிடித்து பாவுச்சா தக்காவுக்குப் போய், ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, டாக்யார்ட் ரோட்டில் ஹார்பர் லைன் ரயிலின் சாமான் பெட்டியில் கூடையோடு ஏறி வருவார். நம் ஆட்கள் அந்தப் பெட்டியைத் தாண்டும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நானும்தான். இனிமேல் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

உப்பளம்

என் அப்பா 1974இல், இருபத்திரண்டு வயதில் பம்பாய் வந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு சிற்றூர். தாத்தாவுக்கு வல்லம், அதாவது மீன்பிடிப் படகு, இருந்தது. தாத்தாவின் அண்ணன் கொழும்புக்குப் போகும் தோணியை நடத்துகிற தண்டல். அப்பாவும் பதினான்கு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். இதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். தாராவியில் எங்கள் சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில், யாராவது “ஊர்ல என்ன தொழில்?” என்று கேட்டால் அப்பா ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: “உப்பளம்.” தூத்துக்குடி என்றால் உப்பு, அதனால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் நின்று சொன்ன பொய் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தோல் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தார். பச்சைத்தோலின் வீச்சத்துக்கு முன்னால் எந்த மீனும் நிற்காது. ஆனாலும் அந்த வாடையோடு வீட்டுக்கு வருவதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை மட்டும் அம்மா பொதுச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, கக்கூஸில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். எந்த வாடையில் என்ன சாதி ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதன்முதலாகக் கடலைப் பற்றி அப்பா வாய் திறந்தது 2017 டிசம்பரில், ஒக்கிப் புயலின்போது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள் காணாமல் போன செய்தி ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பதிவான 68 படகுகள் 952 பேரோடு மஹாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் பத்திரமாக ஒதுங்கின என்று ஒரு நாள் சொன்னார்கள். கொங்கண் ஆட்கள் அவர்களுக்குச் சோறு போட்டதை டிவியில் காட்டினார்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு டிவிக்கு நேரே எழுந்து நின்றுவிட்டார். “கொண்டல் காத்துன்னா கரைக்குத் தள்ளும், தப்பிச்சிரலாம். இது வேற” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் மகள்தான் “தாத்தா, கொண்டல்னா என்ன?” என்று கேட்டாள். கிழக்கிலிருந்து வரும் காற்று. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டரை வரை பேசினார். நான் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. குறுக்கிட்டால் உப்பளத்துக்குத் திரும்பிவிடுவாரோ என்று பயம்.

ஆக, நான் திருவிழாவில் கைதட்டியது மூன்றாம் மனிதனாக இல்லை. ஒளித்துவைக்கப்பட்ட ஒரு வீட்டுச் சொத்தை அடுத்தவர் வீட்டு முற்றத்தில் பார்த்தவனாகத்தான் தட்டினேன். அதனால்தான் அவ்வளவு பூச்சு. நம் வீட்டுத் தொழிலை நாமே எழுதினால் விலையிலிருந்து தொடங்கியிருப்போம். ஊரார் தொழில் என்றால் உடனே அன்னை, ஆதி, பண்பாடு எல்லாம் வந்துவிடுகின்றன.

இந்த நகரம் கோளிகளைக் கொண்டாடும் விதமும் இதேதான். சசூன் டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கப்பல்களுக்காக ஆல்பர்ட் அப்துல்லா டேவிட் சசூன் 1875இல் கட்டி முடித்தது, இன்று கொலாபாவில் பெரிய மீன் துறை. 2017இல் அங்கே ஒரு பழைய கிடங்கில் கலைத் திருவிழா நடந்தது. டாக்கில் வேலை செய்கிறவர்களின் முகங்களைப் பெரிதுபெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வந்தவர்கள் அந்த முகங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். சில தப்படி தள்ளி, ஈரத் தரையில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களின் முன்னால் யாரும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. வொர்லியில் இன்னொரு மாதிரி. கடற்கரைச் சாலை வரும்போது, கோளிவாடாவின் படகுகள் கடலுக்குப் போகிற வழியில் தூண்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே 60 மீட்டர் என்று திட்டம் போட்டிருந்தார்கள். காற்றும் அலையும் சேர்ந்து தள்ளும்போது அதற்குள் படகை நுழைக்க முடியாது, அகலப்படுத்துங்கள் என்று மீனவர்கள் வேலையையே நிறுத்திப் போராடி, கடைசியில் 120 மீட்டர் என்று முடிவானது. மேடைகளில் ஆதிக்குடிகள் என்று சொல்வதற்கு யாருக்கும் சிரமமில்லை, அந்த 60 மீட்டருக்குத்தான் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. ஆனால் திருவிழாக்களை நான் குறை சொல்ல வரவில்லை. நான் போன விழாவில் கடை போட்ட பெண்களுக்கு மூன்று ராத்திரியில் நல்ல காசு. பாடலுக்கும் ஆடலுக்கும் பின்னால் அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தது. குறை என் பதிவில்தான்.

தண்டல்

மௌஷியின் பிறந்த வீடு வெர்சோவா. அவர் அண்ணனுக்கு அங்கே படகு இருக்கிறது. நார்ளி பௌர்ணமிக்கு வீட்டுக்கு வா, உங்கப்பாவையும் கூட்டி வா என்றார். எங்கள் வீட்டு உப்பளக் கதையை ஏதோ ஒரு சனிக்கிழமை அவரிடம் உளறியிருந்தேன். அதற்கு அவர் ஆச்சரியப்படவே இல்லை. “பாபா மீனைத் தொடுற விதத்துலயே தெரியும்” என்றார். அப்பா கூட வரும் நாளில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, வயிற்றை அமுக்குவதில்லை, வாலைப் பிடித்து ஒருமுறை தூக்கிவிட்டு வைத்துவிடுவாராம். இத்தனை வருடம் கூடவே நின்ற நான் அதைக் கவனித்ததில்லை.

நார்ளி பௌர்ணமி ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும், இங்கே சிராவண மாதப் பௌர்ணமி. மழைக்காலக் கொந்தளிப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் கடலுக்குத் தேங்காய் கொடுத்து, இனி தொழிலுக்கு வரலாமா என்று கேட்கிற நாள். முன்பெல்லாம் மஹாராஷ்டிராவின் மீன்பிடித் தடைக்காலமே ஆகஸ்ட் 15 அல்லது நார்ளி பௌர்ணமி, எது முந்தி வருகிறதோ அதோடு முடியும். அரசாங்கமே சந்திரனைப் பார்த்துத்தான் கடலைத் திறந்தது. இப்போது மஹாராஷ்டிராவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். 2023இல் அதிக மாதம் என்கிற கூடுதல் சந்திர மாதம் வந்து பௌர்ணமி ஆகஸ்ட் 30க்குப் போய்விட்டது. தேங்காய் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே கடல் திறந்துவிட்டது. 2024இல் ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. லீவு போட்டேன். ஊரிலும் தடை 61 நாள்தான், ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே கடல் திறக்கும்போது இங்கே பூட்டிக் கிடக்கும். மெட்ரோவில் போகும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். “மீன் ரெண்டு பக்கமும் ஒண்ணாவா முட்டை போடும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெர்சோவாவில் பொம்பில் காயவைக்கும் மூங்கில் பரண்கள் வெறுமையாக நின்றன. மழை விட்ட பிறகுதான் அதில் மீன் ஏறும். ஜோடி ஜோடியாக வாயோடு வாய் கோத்துத் தொங்கவிடுவார்கள். மௌஷியின் அண்ணன் வீட்டில் நார்ளி பாத், அதாவது வெல்லம் போட்ட தேங்காய்ச் சோறு. அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். “இவர்தான் தாண்டேல்” என்று மௌஷி அறிமுகப்படுத்தியதும் அப்பா சட்டென்று, “தண்டலா?” என்றார். தமிழில் சொன்னதுதான், ஆனாலும் அவர் ஆமாம் என்று தலையாட்டினார். படகை நடத்துகிறவன் இங்கே தாண்டேல், அங்கே தண்டல். பிறகு சாப்பாட்டுக்கு நடுவே இருவரும் வார்த்தைகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கலாசி, அதாவது படகில் வேலை செய்கிற ஆள், இரண்டு பக்கமும் உண்டு. நமக்கு ஏலம், அவர்களுக்கு லிலாவ். இது இரண்டும் போர்த்துக்கீசியனின் ஒரே வார்த்தையிலிருந்து வந்தவை என்று நான் இடையில் புகுந்து என் புத்தக அறிவைக் காட்டினேன். முத்துக்குளித்துறைக்கும் அவன் வந்தான், இந்தத் தீவுகளையும் அவன் ஆண்டான், 1661இல் கல்யாணச் சீராக இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிக்கொடுத்தான் என்றேன். இருவரும் மரியாதைக்குக் கேட்டுவிட்டு மீனுக்குத் திரும்பினார்கள். பாந்த்ரா மேரி மாதாவை அவர்கள் மோத் மாவ்லி என்கிறார்கள் என்பது மட்டும் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பனிமய மாதா தேர் பார்த்து வளர்ந்தவர் ஒவ்வொரு செப்டம்பரிலும் பாந்த்ரா மலை ஏறுவார். அங்கே மெழுகுவர்த்தியோடு நிற்கும் கோளிப் பெண்களைப் பார்த்திருக்கிறார், ஏன் வருகிறார்கள் என்று கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மேல், ஊர்வலத்துக்கு முன்னால், படகைப் பார்க்கப் போனோம். முகப்பில் செவ்வந்தி மாலை, கொடிகள், புதுப் பெயிண்ட். பக்கத்தில் ஒரு கழியில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. டோல் வலை. நம் பக்கம் இந்த மாதிரி நான் கேள்விப்பட்டதில்லை. பெரிய புனல் மாதிரிப் பை. கடலடியில் நட்ட கம்பங்களில் வாயைக் கட்டி நீரோட்டத்துக்கு எதிரே விரித்துவிடுவார்கள். துரத்திப் பிடிப்பதில்லை, ஏற்றமும் வற்றமும் மீனைக் கொண்டுவந்து உள்ளே தள்ளும். வாய்ப்பக்கம் கை நுழைகிற அளவுக்குக் கண், உள்ளே போகப் போகச் சின்னதாகி, வால்முனையில் துணி மாதிரி நெருக்கம். நான் போனை எடுத்து, மாலையும் கொடியும் வலையும் ஒரே சட்டத்தில் வருகிற மாதிரி நின்றேன். அப்பா வலைக்குப் போய், வாயில் தொடங்கி கையால் தடவிக்கொண்டே வால் வரை நடந்தார். மடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சுண்டுவிரலை ஒரு கண்ணில் விட்டார். முதல் கணுவிலேயே நின்றுவிட்டது.

“கண்ணு சின்னது” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விருந்துக்கு வந்த இடம், பண்டிகை நாள். மொழிபெயர்க்காமல் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் விரல் வலைக்குள் இருந்தது, அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? தாண்டேல் முகம் மாறியது. படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகன் குதித்து இறங்கி வந்தான். ஜவ்ளா பிடிக்க வேறு எந்தக் கண் வைப்பது, பெரிசாக வைத்தால் தண்ணீர்தான் வரும் என்று படபடவென்று பேசினான். ஜவ்ளா என்றால் நம் கூனி. அந்தப் பொடி இறால்தான் மழைக்காலத்தில் வீட்டுக்குச் சோறு, காயவைத்தால் காசு. நான் சொன்னேன். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். “கூனிக்கு இது சரி. நாங்களும் அப்படித்தான் வச்சோம். ஆனா இதுல வாவல் குஞ்சு வராதா? கேளு.”

கேட்டேன். பையன் கடலைப் பார்த்தான். தாண்டேல் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “யேத்தே” என்றார். வரும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்னும் மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். வாவல் குஞ்சை நாங்கள் விட்டால் பர்ஸ் சீன், அதாவது சுருக்குமடி வலை போடுகிறவன், ஒரே வளைப்பில் அள்ளிப் போகிறான், ராத்திரியில் எல்இடி விளக்குப் போட்டு இழுக்கிறான், 2017லேயே அதைத் தடை செய்தாகிவிட்டது, யார் கேட்கிறார்கள் என்றான் பையன். 2023இல் வெள்ளை வாவலை மாநில மீனாக அறிவித்தார்கள். அதே வருடம் 54 வகை மீன்களுக்கு இதற்குக் குறைந்து பிடிக்கக்கூடாது என்று அளவும் வைத்தார்கள், வெள்ளை வாவலுக்கு 135 மில்லிமீட்டர். “வலைக்குள்ள ஸ்கேல் வச்சுக்கிட்டா வருது?” என்று தாண்டேல் கேட்டார். அப்பா விடவில்லை. எங்கள் ஊரில் நைலான் வந்த புதிதில் இதே மாதிரி கண்ணைச் சின்னதாக்கினோம், நாலு வருடம் வல்லம் நிறைய வந்தது, அப்புறம் தாத்தா கடன் வாங்கினார், அப்புறம்தான் நான் ரயில் ஏறினேன் என்றார்.

இதை நான் முன்பு கேட்டதே இல்லை. ஒக்கி ராத்திரியில்கூட அவர் இதைச் சொல்லவில்லை. உப்பளம் என்று சொன்னதற்கு வாடையும் சாதியும்தான் காரணம் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். அதற்குக் கீழே ஒரு கணக்குத் தப்பு இருந்திருக்கிறது. அதைக் கேட்க அவருக்கு இன்னொரு தண்டல் வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க மட்டும் நான்.

அப்பா அந்தப் படகை ஒரு வார்த்தை புகழவில்லை. மாலையைப் பார்க்கவில்லை, பெயிண்ட்டைப் பார்க்கவில்லை. என் பதிவில் நான் அடுக்கிய சொற்களில் ஒன்றைக்கூட யாரும் அங்கே சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது தாண்டேல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், மேடையில் பொன்னாடை போட்டு விடுகிற நேரத்தைவிட நீளமாக இருந்தது. குறை சொல்லத் தெரிந்தவன்தான் தொழில்காரன் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது பண்டிகை நாளில் வயசானவரோடு வம்பு எதற்கு என்று விட்டிருக்கலாம். என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கொண்டாடுவது என்றால் பாராட்டுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் அன்றைக்கு ஆட்டம் கண்டுவிட்டது.

ஊர்வலம் வந்தது. தங்க நிறக் காகிதம் சுற்றிய தேங்காயைத் தூக்கிக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு பெண்கள் ஆடி வந்தார்கள். மௌஷி முழு நகையில் இருந்தார், இது பித்தளை இல்லை என்று வளையலைத் திருப்பிக் காட்டினார். மார்க்கெட்டில் பலகைக்குப் பின்னால் குந்தியிருக்கும் ஆள் இவர்தானா என்று திகைப்பாக இருந்தது. இத்தனைக்கும் அது அவர் சம்பாதித்த தங்கம். ஆண்கள் கடலோடு, பெண்கள் கல்லாவோடு என்பது கோளி வீட்டு ஏற்பாடு, நம் கடற்கரையிலும் ஏறக்குறைய அப்படித்தான். தேங்காய் அலையில் விழுந்து, திரும்பிக் கரைப்பக்கம் வந்து, மறுபடி உள்ளே போனது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முட்டளவு தண்ணீரில் நின்றார். ஐம்பது வருடத்தில் அவர் மும்பைக் கடலில் கால் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாக்கடைத் தண்ணீர் கலக்கிற இடம், சொறி பிடிக்கும், வாங்க என்று கூப்பிட்டேன். வரவில்லை.

அடுத்த வாரமே இதை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பழைய பதிவை எடுத்துவிடலாமா என்று மௌஷியிடம் கேட்டேன். எதற்கு எடுக்கிறாய், படங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, விலையை மட்டும் சேர் என்றார். சரி சொல்லுங்கள் என்று மீன் சுற்றித் தருகிற தாளின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டேன். ஒரு கூடை பொம்பில் ஏலத்தில் 1,800, ஐஸ் 120, தூக்கிவிடுகிற பையனுக்கு 50, உட்காருகிற இடத்துக்கு 40, விற்றது 2,600, விற்காமல் நைந்துபோனது இரண்டு கிலோ. கூட்டிக் கழித்து 590 என்று வாசித்துக் காட்டினேன். மௌஷி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும்.

“டாக்ஸிக் காசை விட்டுட்ட” என்றார்.